நாய்க்கும் நீரிழிவு வரும்!

விடியற்காலையில் விளக்கைப் போட்ட வீட்டு அம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. கூடத்தின் நடுவே ஒரு குளம்! ராணியின் வேலைதான். சந்தேகமே இல்லை.

எட்டு வருஷமாக அந்த வீட்டில் வளரும் நாய் ராணி. வீட்டுக்குள் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. வாசற்கதவைப் பிறாண்டும், கதவு திறக்கும் வரையில் காத்திருக்கும், தெருக்கோடி வரையில் போய்த் தன் காரியத்தை முடித்துக் கொண்டு வரும். அப்படிப்பட்ட நாய் நான்கு நாட்களாக இப்படிச் செய்கிறது.

"வயசாக வயசாகப் புத்தி கெட்டுப் போச்சு, சனியன்!" என்று அம்மாள் துடைப்பத்தை ஓங்கினாள். ராணி காதைத் தாழ்த்திக் கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக் கொண்டது. ராத்திரியில் தண்ணீர்ச் சட்டியை வைத்தால்தானே இந்த வம்பு என்று சட்டியையும் எடுத்து வைத்தாயிற்று.

ஈஸிசேரில் படுத்திருந்த தாத்தா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தரையையே பார்த்துக் கொண்டிருந்தார். காய்ந்துபோன ஓரத்தில் எறும்பு சாரை சாரையாக வந்து கொண்டிருந்தது. "அதை அடிக்காதே அம்மா. எனக்கும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தது" என்றார். தாத்தாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை வியாதி.

ராணி என்பது ஒரு பேச்சுக்கு வைத்துக் கொண்ட பெயர்தான். ஆனால் இந்தக் காட்சி கற்பனையல்ல. எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. நாய்க்கு நீரிழிவு வரும் என்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததால் நோயாளிக்கு மருந்துக்குப் பதில் அடி கிடைக்கிறது. சில வீடுகளில் நாயைத் தெருவுக்கே விரட்டி விடுகிறார்கள்.

ஆராய்ச்சிக் கூடத்தில் ஈரத் தரை

வேடிக்கை என்னவென்றால், நீரிழிவு எங்கிருந்து வருகிறது என்று மனிதன் கண்டுபிடித்ததே, ஒரு நாய் தரையை நனைத்ததால்தான்!

1889-ம் வருஷம். ஸ்ட்ராஸ்பர்க் நகரம், அன்று ஜெர்மனியில் இருந்தது, இன்று பிரான்ஸில் இருக்கிறது. அங்கே ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி, ஜோசப் வான் மெரிங் என்ற இரண்டு டாக்டர்களுக்குள் ஒரு விவாதம். கொழுப்பு ஜீரணமாவதற்குக் கணையம் அவசியந்தானா என்பது கேள்வி. ஒரு நாயின் கணையத்தை அடியோடு எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் நீரிழிவைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஆபரேஷன் முடிந்தது. நாய் பிழைத்துக் கொண்டது. ஆனால் நல்ல பழக்கம் உள்ள அந்த நாய், ஆராய்ச்சிக் கூடத்தின் தரையிலேயே ஓயாமல் சிறுநீர் கழிக்க ஆரம்பித்தது. "வேளாவேளைக்கு வெளியே அழைத்துப் போவதில்லையா?" என்று மின்கோவ்ஸ்கி வேலைக்காரனைக் கடிந்து கொண்டார். அவனோ, அழைத்துப் போகத்தான் போகிறேன், உள்ளே வந்த மறுநிமிஷமே மறுபடியும் போகிறதே, என்றான்.

மின்கோவ்ஸ்கி அந்தப் பதிலை அலட்சியம் செய்யவில்லை. சிறுநீரை எடுத்துப் பரிசோதித்தார். அதில் ஏராளமாகச் சர்க்கரை இருந்தது! கணையம் போனால் நீரிழிவு வரும் என்பது அன்றைக்கு வெட்டவெளிச்சமாயிற்று.

ஸ்ட்ராஸ்பர்க் வேலைக்காரன் சொன்ன பதிலும் இன்றைக்கு ராணியின் வீட்டில் நடப்பதும் ஒன்றுதான். பழக்கம் கெட்ட நாயல்ல அது. அடக்க முடியாத நாய்.

பஞ்சமில்லாத ஊரில் பட்டினி

உடம்புக்குள்ளே நடப்பதென்ன? வயிற்றில் இரைப்பைக்கு அருகில் இருக்கிறது கணையம். அதில் தீவு தீவாகச் சில உயிரணுக்கள் உண்டு. அவைதான் இன்சுலின் என்ற சுரப்பு நீரை உண்டாக்கி ரத்தத்தில் கலக்கின்றன. தின்ற ஆகாரம் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஓடும்போது, அதைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் போகவிடும் சாவி இன்சுலின். சாவி இல்லாவிட்டால் கதவு திறக்காது. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். உடம்போ உள்ளே பட்டினி கிடக்கும்.

ஆரோக்கியமான நாயின் ரத்தத்தில் 100 மி.லி.க்குச் சுமார் 70 முதல் 120 மில்லிகிராம் வரை சர்க்கரை இருக்கும். அது ஏறிக்கொண்டே போய்ச் சுமார் 200-ஐ எட்டும்போது சிறுநீரகத்தின் சக்தி தீர்ந்து விடுகிறது. சர்க்கரை சிறுநீரில் வழிகிறது. சர்க்கரை தனியாகப் போகாது. தண்ணீரையும் இழுத்துக் கொண்டு போகும். ஆகையால் சிறுநீர் அதிகம். சிறுநீர் அதிகமானால் தாகம் அதிகம். உடம்பு பட்டினி கிடப்பதால் பசி அதிகம். எவ்வளவு தின்றாலும் உள்ளே சேராததால் இளைப்பு. நான்கும் ஒரே சங்கிலியின் நான்கு கண்ணிகள்.

இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியைப் பார்த்து, "தண்ணீர் குடிப்பதால்தானே போகிறது?" என்று சட்டியை எடுத்து வைப்பது பெரிய தவறு. தண்ணீர் குடிப்பதால் சிறுநீர் போகவில்லை. சிறுநீர் போவதால் தண்ணீர் குடிக்கிறது. சட்டியை எடுத்தால் சிறுநீர் நிற்காது. உடம்பு வற்றிப் போகும். உயிருக்கே ஆபத்து வரும்.

அடையாளங்கள் என்ன?

நிறையத் தண்ணீர் குடித்தல், நிறையச் சிறுநீர் போதல், அடங்காத பசி, தின்றும் இளைத்தல்: இந்த நான்கும் சேர்ந்து தெரிந்தால் நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். முதுகெலும்பு தட்டுப்படுவது, மயிர் பளபளப்பை இழப்பது, மாடிப்படி ஏறத் தயங்குவது ஆகியவையும் கூட வரலாம்.

தண்ணீர் அதிகம் குடிக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்து பார்ப்பது சுலபம். காலையில் சட்டியில் அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். நடுவில் ஊற்றினால் அதையும் குறித்துக் கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழித்து விடுங்கள். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளில் 100 மி.லி.க்கு மேல் போனால் அது சரியல்ல. ராணியின் எடை 12 கிலோ. அது 1,200 மி.லி.க்கு மேல் குடித்தால் சந்தேகப்பட வேண்டும். வெயில் காலத்திலும், உலர்ந்த தீனி தின்னும் நாய்களுக்கும் தாகம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக ஓர் அடையாளம் உண்டு. அது கண்ணில் தெரியும். கருவிழிக்குள்ளே பால் கலந்தாற்போல வெளுப்பு. இது கண்புரை. நாயின் கண் வில்லையில் மிகையான சர்க்கரை வேறு பொருளாக மாறித் தண்ணீரை உறிஞ்சுகிறது. வில்லை ஊறி மங்கிப் போகிறது. நீரிழிவு கண்ட நாய்களில் நான்கில் மூன்றுக்குச் சுமார் ஓராண்டுக்குள் கண்புரை வந்துவிடுகிறது. சில நாய்களின் பார்வை ஒரு சில நாட்களிலேயே போய்விடும். "திடீரென்று நாற்காலியில் முட்டிக் கொள்கிறது" என்று நாயைத் தூக்கிக் கொண்டு வந்த பிறகுதான் சில வீட்டாருக்கு நீரிழிவே தெரிய வருகிறது.

ஒரு ஜாக்கிரதை. தாகம் என்றாலே நீரிழிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறிலும் தாகம் வரும். கருத்தடை ஆபரேஷன் செய்யாத பெட்டை நாய்க்குக் கருப்பையில் சீழ் கட்டினாலும் இப்படியே தண்ணீர் குடிக்கும். அது அவசரமாகக் கவனிக்க வேண்டிய வியாதி. ஆகையால் எறும்பு வந்தாலும் வராவிட்டாலும் பரிசோதனைதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

யாருக்கு வரும்?

பிரிட்டனில் எடுத்த கணக்குப்படி சுமார் 300 நாய்களுக்கு ஒன்று நீரிழிவு நாய். பெரும்பாலும் ஏழெட்டு வயதுக்கு மேல்தான் வருகிறது. மனிதரில் குழந்தைப் பருவத்திலேயே வரும் நீரிழிவைப் போல, இன்சுலின் சுரப்பே வற்றிப் போகும் வகை இது. சர்க்கரை தின்றதனால் மட்டும் வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

உடம்பின் காவல் படையே கணையத்தின் தீவுகளைத் தாக்கி அழிப்பது ஒரு காரணம். கணையம் அழன்று வீங்குவது மற்றொரு காரணம். எண்ணெய்ப் பண்டமும் கொழுப்புக் கறியும் கண்டபடி போட்டு நாயை உருண்டையாக்கி வைத்தால் கணையத்துக்கு ஆகாது. மூன்றாவது காரணம் ஸ்டீராய்டு மருந்து. தோல் அரிப்புக்கு ஒரு தடவை டாக்டர் கொடுத்த மாத்திரையை, அரிப்பு வரும்போதெல்லாம் கடையில் தாங்களே வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பவர்கள் உண்டு. அந்த மருந்து இன்சுலினை வேலை செய்ய விடாது.

நான்காவது காரணம் பெட்டை நாய்களுக்கு மட்டும் உரியது. பருவத்துக்கு வந்து போன பிறகு சுமார் இரண்டு மாத காலம் பெட்டையின் உடம்பில் ஒரு சுரப்பு நீர் மிகுந்திருக்கும். அது இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். ராணியின் கதையும் அதுதான். ஐப்பசியில் பருவத்துக்கு வந்தது. மார்கழியில் கூடம் நனைந்தது. இப்படிப்பட்ட நாய்க்குக் கருப்பையையும் சூல்பையையும் எடுக்கும் ஆபரேஷன் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிறது. செய்யாவிட்டால் அடுத்த பருவத்தில் மறுபடியும் சர்க்கரை தாறுமாறாக ஏறும். மிக ஆரம்பத்திலேயே செய்து கொண்ட சில நாய்களுக்கு வியாதியே விலகிப் போவதும் உண்டு.

ஜாதியிலும் வேற்றுமை உண்டு. சமோயட், மினியேச்சர் ஷ்னாசர், பூடில், பக் ஆகிய ஜாதிகளுக்கு அதிகமாக வருகிறது. ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் குறைவு. ஆனாலும் எந்த ஜாதிக்கும் முழு விலக்கு இல்லை.

ஆஸ்பத்திரியில்

கிராமத்தில் "மாட்டாஸ்பத்திரி" என்று சொல்லும் கால்நடை மருத்துவமனையில் மாட்டை மட்டுந்தான் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நாய்க்கும் வைத்தியம் உண்டு. சென்னை வேப்பேரியில் 1903-ல் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு நாய்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் கொஞ்சமல்ல.

பரிசோதனை பிரமாதமான காரியமல்ல. ஒரு சொட்டு ரத்தம்; கொஞ்சம் சிறுநீர். ரத்தத்திலும் சர்க்கரை மிகுதி, சிறுநீரிலும் சர்க்கரை என்றால் நீரிழிவு உறுதியாகிறது. சிறுநீரில் கீட்டோன் என்ற பொருளும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இருந்தால், உடம்பு தன் கொழுப்பையே கண்மூடித்தனமாக எரித்துக் கொண்டிருக்கிறது, ரத்தம் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஃப்ரக்டோஸமைன் என்று இன்னொரு பரிசோதனை உண்டு. அன்றைய தினத்து அளவை மட்டும் காட்டாமல், கடந்த இரண்டு மூன்று வாரங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று அது காட்டிக் கொடுத்துவிடும்.

வீட்டில் தாத்தாவுக்கு வைத்திருக்கும் சர்க்கரை மீட்டரில் பார்த்தால் என்ன? பார்க்கலாம், ஆனால் நாயின் ரத்தத்துக்கு அது சரியாகக் கணக்குச் சொல்லாது. பெரும்பாலும் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். நாய்க்கென்றே தயாரித்த மீட்டர்கள் இருக்கின்றன.

மாத்திரை உண்டா?

"தாத்தாவின் மாத்திரையில் பாதி கொடுத்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, கொடுக்கவும் கூடாது. அந்த மாத்திரைகளில் பல, கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நாயின் கணையத்தில் எழுப்புவதற்கு ஒன்றுமே மிச்சம் இருப்பதில்லை. ஆகவே ஊசிதான் வழி.

அந்த ஊசி மருந்தும் நாயின் உபயந்தான். 1921-ம் வருஷம் கோடைக் காலத்தில் கனடா தேசத்து டொரான்டோ சர்வகலாசாலையில் பிரடெரிக் பாண்டிங் என்ற இளம் டாக்டரும், சார்லஸ் பெஸ்ட் என்ற மாணவரும் நாய்களை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். கணையத்திலிருந்து ஒரு சாற்றைப் பிரித்தெடுத்து, கணையம் நீக்கிய நாய்களுக்கு ஏற்றினார்கள். சர்க்கரை இறங்கியது! மார்ஜரி என்று பெயரிட்ட 33-ம் எண் நாய் அந்தச் சாற்றைக் கொண்டு சுமார் 70 நாள் உயிர் வாழ்ந்தது. 1922 ஜனவரி 11-ம் தேதி, சாகக் கிடந்த லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு அந்த மருந்தை முதன் முதலாகச் செலுத்தினார்கள். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. ஜேம்ஸ் காலிப் என்ற ரசாயன நிபுணர் மருந்தைச் சுத்திகரித்துக் கொடுத்தார். ஜனவரி 23-ம் தேதி மறுபடியும் போட்டார்கள். பையன் தேறினான். 1923-ல் பாண்டிங்குக்கும், ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மார்ஜரிக்கு ஒரு பரிசும் இல்லை.

இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு மாலை. நாயின் மாலையும் பன்றியின் மாலையும் ஒன்றே. மனிதனுடையதில் ஒரே ஒரு மணி மாத்திரம் வேறு. அதனால்தான் மனிதருக்காகத் தயாரித்த இன்சுலின் நாய்க்கும் வேலை செய்கிறது. நாய்க்கென்றே தயாராகும் பன்றி இன்சுலினும் உண்டு. எது, எத்தனை யூனிட் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். எடை, வியாதியின் கடுமை, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் பார்த்துக் குறைந்த அளவில் ஆரம்பித்துச் சிறுகச் சிறுகத் திருத்துவார்கள். சரியான அளவைக் கண்டுபிடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரையில் பொறுமை வேண்டும்.

கடிகாரம்தான் டாக்டர்

நாய்க்குச் சாதாரணமாக ஒரு நாளில் இரண்டு ஊசி, 12 மணி நேரத்துக்கு ஒன்று. காலை ஏழு என்றால் மாலை ஏழு. இந்த வைத்தியத்தில் அளவுக்கு எத்தனை மதிப்போ, அத்தனை மதிப்பு நேரத்துக்கும் உண்டு. வீட்டில் ஒருவர் பொறுப்பேற்பது நல்லது. சுவரில் காலண்டரைத் தொங்கவிட்டு, ஊசி போட்டதும் ஒரு கோடு போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் மகன் ஒரு தடவையும் மருமகள் ஒரு தடவையும் போட்டுவிடுவார்கள்!

முதலில் ஆகாரம், பிறகு ஊசி. நாய் வழக்கம்போல் தின்கிறதா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். தின்ன மறுத்தால் முழு அளவையும் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். இரண்டு வேளையும் ஒரே வகை ஆகாரம், ஒரே அளவு. நார்ச்சத்து மிகுந்த தீனி நல்லது. சோறுதான் பழக்கம் என்றால், எவ்வளவு சோறு, எவ்வளவு கறி, எவ்வளவு காய் என்று டாக்டரிடம் கேட்டு அளந்து போட வேண்டும். ஒரு நாள் தயிர் சாதம், ஒரு நாள் பிரியாணி மிச்சம், நடுவில் நான்கு பிஸ்கட் என்றால் எந்த ஊசியும் ஈடுகொடுக்காது. விருந்தாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். தீபாவளி, பொங்கல் சமயங்களில் இன்னும் ஜாக்கிரதை! நடையும் அப்படியே, தினமும் ஒரே அளவு போதும். ஒரு நாள் ஓட ஓட விரட்டிவிட்டு மறுநாள் கட்டிப் போடக் கூடாது.

ஊசி போடுவது பயப்படும் காரியமல்ல. இந்த ஊசி மயிரிழை போல மெல்லியது. தோள் பக்கத்திலும் விலாவிலும் நாயின் தோல் தளர்ந்திருக்கும். இரண்டு விரலால் அதைக் கூடாரம் போல் தூக்கி, அடிப்பாகத்தில் குத்தி மருந்தைச் செலுத்த வேண்டும். பல நாய்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினம் ஒரே இடத்தில் குத்தாமல் இடத்தை மாற்றிக் கொண்டே வர வேண்டும். மருந்து உள்ளே போயிற்றா, மயிரில் வழிந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு ஊசி போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் பெரிய நஷ்டமில்லை. இரட்டிப்பானால் உயிருக்கு ஆபத்து.

சீசாவை ரெஃப்ரிஜிரேட்டரின் கதவுப் பக்கத்தில் வையுங்கள். ஐஸ் உறையும் அறையில் வைத்தால் மருந்து கெட்டுப் போகும். கலங்கலான இன்சுலினை எப்படிக் கலக்குவது என்று மருந்துக்கு மருந்து விதி உண்டு. அதை டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். உபயோகித்த ஊசியைக் குப்பையில் எறியாமல் மூடி போட்ட தகர டப்பாவில் சேர்த்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நம் நாட்டில் இன்சுலின் இரண்டு கடுமைகளில் கிடைக்கிறது. ஒன்று மி.லி.க்கு 40 யூனிட், மற்றது மி.லி.க்கு 100 யூனிட். ஊசிக் குழாயும் அப்படியே இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி; 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழாயில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்! தாத்தாவுக்கு ஒரு வகை, நாய்க்கு ஒரு வகை இருக்கும் வீட்டில் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைக்க வேண்டும். ஊசி போடுமுன் சீசாவின் எண்ணையும் குழாயின் எண்ணையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

இரண்டு அபாயங்கள்

மருந்து மிஞ்சினாலோ, ஆகாரம் குறைந்தாலோ சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். நாய் தள்ளாடும், நடுங்கும், விழிக்கும், கடைசியில் வலிப்பு வந்து மயங்கி விழும். இது நிமிஷக் கணக்கில் கவனிக்க வேண்டிய ஆபத்து. நினைவிருந்தால் உடனே ஆகாரம் கொடுங்கள். தின்ன முடியாவிட்டால் தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலால் எடுத்து ஈறில் தடவுங்கள். மயங்கிய நாயின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். வலிப்பு வரும் நாயின் வாய்க்குள் விரலை நுழைக்கவும் கூடாது. தடவியதும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். நீரிழிவு நாய் உள்ள வீட்டில் ஒரு சிறு புட்டித் தேன் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இதற்கு எதிர்த்திசையில் வருவது இரண்டாவது அபாயம். சிகிச்சை இல்லாமலோ அரைகுறையாகவோ விட்டால் கீட்டோன் பெருகும். நாய் தீனியைத் தொடாது, வாந்தி எடுக்கும், சுருண்டு படுக்கும், மூச்சில் நகச் சாயம் அழிக்கும் திரவத்தின் வாடை போல ஒன்று வீசும். அப்போது வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்சுலினும் உப்பு நீரும் ஏற்ற வேண்டிவரும்.

நல்லெண்ணத்தால் வரும் ஒரு தீங்கையும் சொல்ல வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று விற்கும் சர்க்கரையில்லாத மிட்டாய், பிஸ்கட், சூயிங்கம் சிலவற்றில் ஸைலிடால் என்ற இனிப்பு சேர்க்கிறார்கள். மனிதருக்கு அது ஒன்றும் செய்யாது. நாய்க்கோ அது விஷம். ஆரோக்கியமான நாய்க்குக்கூடச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், ஈரலையும் கெடுக்கும். "இதில்தான் சர்க்கரை இல்லையே" என்று நாய்க்குக் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள்.

எத்தனை நாள் வாழும்?

கேட்க வேண்டிய கேள்விதான். கண்டுபிடித்த முதல் சில மாதங்கள் கண்டம். அதைத் தாண்டிய பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் சுகமாக வாழ்கின்றன. கண்புரைக்கு ஆபரேஷன் உண்டு; எல்லா ஊர்களிலும் இல்லை, செலவும் அதிகம். பார்வை போன நாயும் மோப்பத்தாலும் காதாலும் வீட்டைத் தெரிந்து கொள்ளும். மேஜை நாற்காலிகளை மட்டும் இடம் மாற்றாமல் இருக்க வேண்டும்.

ஆனாலும் வியாதியைவிட வியாதியின் பெயரே அதிக நாய்களைக் கொன்று விடுகிறதோ என்று தோன்றுகிறது. பல தேசத்துக் கால்நடை டாக்டர்களை விசாரித்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நீரிழிவு என்று தெரிந்த நாய், பூனைகளில் பத்தில் ஒன்று அப்போதே கருணைக் கொலைக்கு ஆளாகிறது, மேலும் பத்தில் ஒன்று அந்த ஓராண்டுக்குள் அப்படியே முடிகிறது என்று டாக்டர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். செலவும் சிரமமும் உண்மைதான். மருந்து, குழாய், பரிசோதனை எல்லாம் மாதா மாதம் வரும் செலவு. ஊருக்குப் போகும்போது ஊசி போட ஆள் தேட வேண்டும். எல்லா வீட்டாருக்கும் அது முடியும் என்று சொல்ல முடியாது. ஆனால் முடியாது என்று தீர்மானிப்பதற்கு முன்னால், ஒரு மாதம் செய்து பார்க்கலாம். முதல் வாரம் கை நடுங்கும். இரண்டாவது வாரம் பழகிவிடும். மூன்றாவது வாரத்தில் ஏழு மணி அடித்ததும் நாயே வந்து நிற்கும்.

ராணிக்கு ஊசி ஆரம்பித்து ஆறு வாரம் ஆயிற்று. ஆபரேஷனும் முடிந்தது. ஒரு கண்ணில் லேசான வெளுப்பு விழுந்துவிட்டது. அது இனிப் போகாது. ஆனால் விலா எலும்பு மறைந்திருக்கிறது. தாத்தாவுக்கு ஏழு மணிக்கு ஊசி, ராணிக்கு ஏழே கால் மணிக்கு ஊசி. இரண்டு பெட்டி, இரண்டு சீசா, காலண்டரில் இரண்டு வரிசைக் கோடு.

அன்று விடியற்காலையில் அம்மாள் வழக்கம்போல் துணியும் வாளியுமாகக் கூடத்துக்கு வந்தாள். தரை காய்ந்து கிடந்தது. தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தாள். ராத்திரி ஊற்றிய தண்ணீரில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. ராணி வாசற்கதவைப் பிறாண்டிக் கொண்டிருந்தது. அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்து விட்டாள்.